கத்தரிக்கோலும் கறுப்புத் தாளும்



பள்ளிக்கூடத்து நேர அட்டவணையில், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்கு நேராகக் 'கைத்தொழில்' என்று ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். நான் மாணவனாக இருந்த காலத்தில் அது இருந்தது. ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பயின்ற காலத்திலும் இருந்தது. தலைமையாசிரியனாக அமர்ந்து அந்த அட்டவணையை நானே எழுதிய காலத்திலும் இருந்தது. ஆனால், அட்டவணையில் மட்டுமே இருந்தது என்று சொல்வதுதான் பொருந்தும். மணி அடித்ததும் கணக்காசிரியர் வகுப்பு வாயிலில் வந்து நிற்பார். "தேர்வு நெருங்குகிறது ஐயா, பாடம் முடியவில்லை" என்பார். நானும் தலையசைத்து விடுவேன். தையலும் காகித வேலையும் எங்கே ஓடிப் போகின்றன, அடுத்த வாரம் பார்த்துக் கொள்ளலாம் என்று எண்ணுவேன். அந்த அடுத்த வாரம் என் பணிக்காலம் முடியும்வரை வரவே இல்லை.

இன்று நான் பேசப் போவது பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஓர் அம்மையாரைப் பற்றி. அவர் பெயர் மேரி டிலேனி. ஊசியும் நூலும் கொண்டு ஆயுள் முழுவதும் வேலை செய்தவர். தம் எழுபத்திரண்டாம் வயதில் காகிதமும் கத்தரிக்கோலும் எடுத்து, பத்தாண்டுகளில் 985 மலர்ச் சித்திரங்களைச் செய்தவர். லண்டன் மாநகரிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் அவை பத்துத் தொகுதிகளாக வைக்கப்பட்டிருக்கின்றன. சீமையிலிருந்த ஒரு கிழவியின் கைவேலைக்கும் நம் வெள்ளிக்கிழமைக் கடைசி மணிக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சற்றுப் பொறுங்கள்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள், என் மகள் தன் கணிப்பொறியில் அந்த மியூசியத்தின் வலைத்தளத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மை போன்ற கறுப்புப் பின்புலம். அதன்மேல் ஒரு செடி, வேரில்லாமல், வெட்டியெடுத்த கிளையாக நின்றது. மலரும் மொட்டும் இலையும் இருட்டிலிருந்து விளக்கொளிக்கு வந்தவைபோலத் துலங்கின. நல்ல ஓவியம் என்றேன். மகள் சிரித்துக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். அப்போதுதான் இதழ்களின் விளிம்பு தெரிந்தது. ஒரு தாள்மேல் இன்னொரு தாள், அதன்மேல் மயிரிழை போல நறுக்கிய மற்றொரு தாள். தூரிகை வரைந்தது என்று நான் எண்ணியதெல்லாம் கத்தரிக்கோல் வெட்டியது. வானொலியில் படம் காட்டும் வசதி இல்லை. நீங்களே கண்ணை மூடிக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

மேரி 1700-ம் ஆண்டு மே மாதம் 14-ம் நாள் வில்ட்ஷயரில் பிறந்தார். ஆறு வயதில் அவரை ஒரு சிறு பள்ளியில் சேர்த்தார்கள். பிரெஞ்சு நாட்டிலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி ஓடிவந்த குடும்பத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, இருபது சிறுமியரை வைத்து நடத்திய பள்ளி அது. அங்கே மேரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. காகிதத்தில் சிறு பறவைகளையும் பூக்களையும் வெட்டிக்கொண்டே இருப்பார். உடன் படித்த ஜேன் டக்ளஸ் என்னும் சிறுமி அத்துண்டுகளைப் பொறுக்கியெடுத்துத் தன் ஆடையில் குண்டூசியால் குத்தி வைத்துக் கொள்வாளாம். முதுமையில் மேரி அம்மையாரே இதை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறார். அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஒருவருக்கு நினைவில் நின்றது இலக்கணமா, கணக்கா? இல்லை. தன் கைவேலையை ஒரு தோழி மார்பில் குத்திக்கொண்டு நடந்தாள் என்பதுதான். அந்த ஆசிரியை அத்துண்டுகளைக் குப்பை என்று பறித்து எறிந்ததாகச் செய்தி இல்லை. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

அரசி ஆன் அம்மையாரின் அரண்மனையில் தோழியாக வேண்டும் என்பதற்காகவே மேரியை வளர்த்தார்கள். 1714-ல் அரசி இறந்தார், ஆட்சி மாறியது, மேரியின் குடும்பத்துச் செல்வாக்குச் சரிந்தது. 1718-ல், பதினேழு வயதுப் பெண்ணை, அறுபதை நெருங்கிய பெண்டார்வ்ஸ் என்ற செல்வருக்குக் குடும்ப நன்மை கருதி மணம் செய்து கொடுத்தார்கள். அவர் கீல்வாதக்காரர், குடியர். பெண்ணின் கண்ணீரை எவரும் பொருட்படுத்தவில்லை. நம் நாட்டிலே இத்தகைய கதைகள் நமக்குப் புதியவை அல்ல. ஆதலால் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் அவர் உறக்கத்திலேயே இறந்து போனார். மணத்துக்குப்பின் உயிலை மாற்றி எழுதாமல் விட்டுவிட்டதால், இளம் விதவைக்குச் சொத்து வந்து சேரவில்லை; ஆண்டுக்குச் சில நூறு பவுன் வருமானமே கிடைத்தது. ஆயினும் யாருக்கும் அடங்கி நடக்க வேண்டாத நிலை கிடைத்ததே, அதை அவர் பெரிதாகக் கருதினார். மறுமணம் செய்துகொள்ளச் சொல்லி வந்தவர்களைப் பல ஆண்டுகள் திருப்பியனுப்பிக் கொண்டே இருந்தார்.

இந்தக் காலத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசவைக்குச் செல்ல ஒரு பாவாடை. துணி, கறுப்புச் சாட்டின் பட்டு. அதன்மேல் வண்ணப் பட்டு நூலால் தோட்டத்துப் பூக்களைத் தைத்தார். வழக்கமாகத் தையற்காரர் போடும் கொடியும் வளைவுமான கற்பனைப் பூக்கள் அல்ல. இன்ன செடியின் பூ என்று பார்த்தவுடன் பெயர் சொல்லும்படியான பூக்கள். காலம் ஏறக்குறைய 1740. கறுப்பின்மேல் பூவை வைத்தால் அது எப்படித் துலங்கும் என்பதை அந்த அம்மையார் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஊசியால் அறிந்துகொண்டிருந்தார். நாம் ஒரு மனிதரின் முதுமைச் சாதனையைக் கண்டு 'திடீரென்று மலர்ந்த மேதை' என்று வியக்கிறோம். திடீர் என்பதெல்லாம் பார்ப்பவர் கண்ணுக்குத்தான்.

1743-ல் பேட்ரிக் டிலேனி என்ற சமய குருவை அவர் மணந்துகொண்டார். இம்முறை தம் விருப்பத்தால் செய்துகொண்ட மணம். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினை அடுத்த கிளாஸ்நெவினில், டெல்வில் என்ற தோட்ட வீட்டில் வாழ்ந்தார்கள். இருபத்தைந்து ஆண்டு இல்லறம். தம் தங்கை ஆனுக்கு அவர் ஓயாமல் கடிதம் எழுதினார். அக்கடிதங்கள் 1861, 1862-ம் ஆண்டுகளில் ஆறு தொகுதிகளாக அச்சாயின. ஒரு கைவினைக் கலைஞரின் ஒருநாள் பொழுது எப்படிக் கழிந்தது என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டும் ஏடு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

அதில் என்னை மிகவும் கவர்ந்தது, அவர் வேலையை வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொண்ட முறை. அதிகாலையில் எழுவார். பகலொளி நன்றாக இருக்கும்போது ஓவியம், வண்ணத் தையல் போன்ற நுண்வேலை. சிப்பி ஓடுகளை ஒட்டி வீட்டு மேற்கூரையிலும் கோயிலறையிலும் பூக்கொத்து அமைப்பது ஒரு பெருவேலை. இடையிடையே பால்பண்ணை, சமையற்கட்டு, விருந்தாளிகள், தோட்டம். அந்தி சாய்ந்து மெழுகுவத்தி ஏற்றியபின் கண்ணை வருத்தாத வேலை. அப்போது ஒருவர் நூல் ஒன்றை உரக்கப் படிக்க, மற்றவர் கேட்டுக்கொண்டே கைவேலை செய்வார்கள். கட்டிலைச் சுற்றி விரிக்கும் கம்பளம் ஒன்றைப் பருமனான துணியில் குறுக்குத் தையலால் செய்தபோது, 'இது என் மெழுகுவத்தி வேலை' என்ற பொருளில் அதைக் குறிப்பிடுகிறார்.

மெழுகுவத்தி வேலைகளில் முக்கியமானது முடிச்சு வேலை. நெசவுத் தறியின் நாடாவைப் போன்ற ஒரு சிறு கருவி கைக்கு அடக்கமாக இருக்கும். அதில் நூலைச் சுற்றிக்கொண்டு, இடைவெளி விட்டு விட்டு முடிச்சிட்டுக்கொண்டே போவார்கள். சிறு மணிகள் கோத்ததுபோல ஒரு நூல் கிடைக்கும். இதற்குக் கண் வேண்டாம், விரல் போதும். பேசிக்கொண்டே செய்யலாம், வண்டியில் போய்க்கொண்டே செய்யலாம். அந்த நூலைச் சேர்த்து வைத்துப் பகலில் துணிமேல் பதித்துத் தைப்பார்கள். நாற்காலி உறைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் மேரி அம்மையார் கையாண்ட வழி இது: வெள்ளை லினன் துணியை இலை வடிவமாக வெட்டி, வண்ணத் துணியின்மேல் வைத்து, விளிம்பையும் நரம்பையும் காம்பையும் முடிச்சு நூலாலேயே தைத்துவிடுவது. ஞானமகனான ஒரு சிறுவனுக்கு வெண்ணிறப் படுக்கை விரிப்பு ஒன்றையும் முடிச்சு வேலையால் செய்து கொடுத்தார். நம் வீடுகளில் பழம் புடைவைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டுக் குழந்தைக்கு விரிப்புச் செய்யும் பாட்டிமாருக்கு இந்த வேலையின் பொறுமை நன்கு விளங்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். துணியை இலையாக வெட்டுகிறார். வேறு நிறத் துணிமேல் வைக்கிறார். துணிக்குப் பதிலாகத் தாளையும், நூலுக்குப் பதிலாகப் பசையையும் வைத்துப் பாருங்கள். பின்னால் வரப்போவது கண்முன்னே நிற்கிறது.

1768-ல் டிலேனி குரு இறந்தார். அம்மையாருக்கு வயது 68. அன்புத் தங்கையும் அதற்கு முன்பே போய்விட்டாள். பழைய தோழியான போர்ட்லந்துச் சீமாட்டி, பல்ஸ்ட்ரோடு என்ற தம் மாளிகைக்கு அவரை அழைத்துக்கொண்டார். ஆண்டில் பல மாதங்கள் அங்கேதான் வாசம். அந்தச் சீமாட்டி சிப்பிகளையும் செடிகளையும் பூச்சிகளையும் சேர்ப்பதில் பெரும் பித்துக் கொண்டவர். ஸ்காட்லாந்துத் தாவரங்களைப் பற்றி 1777-ல் நூல் வெளியிட்ட லைட்புட் என்ற அறிஞர் அவ்வீட்டுக் குருவாக இருந்தார். கேப்டன் குக்குடன் உலகைச் சுற்றி வந்த ஜோசப் பேங்க்ஸும் சோலாந்தரும் அங்கே விருந்தாளிகள். உணவு மேசையில் பேச்சே செடியும் கொடியும்தான்.

துயரம் ஆறாத அந்த முதலாண்டில், 1769-ல், அம்மையார் ஒரு காரியம் செய்தார். ஹட்சன் என்பவர் இலத்தீனில் எழுதிய இங்கிலாந்துத் தாவர நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தெழுதினார். அச்சேறவில்லை, கையெழுத்துப் பிரதியாகவே நின்றது. தாவர இயலில் லின்னேயஸ் வகுத்த முறைக்கு அப்போது புதுமணம் மாறவில்லை. அம்முறையில் எண்ணிக்கைதான் ஆணிவேர். பூவுக்குள் கேசரங்கள் எத்தனை, சூல்தண்டு எத்தனை என்று எண்ணி, அதைக்கொண்டே செடியை இன்ன வகுப்பு, இன்ன வரிசை என்று பிரிப்பார்கள். ஆறு கேசரமும் ஒரு சூல்தண்டும் உடையது ஒரு வகை. ஐந்தும் ஒன்றும் உடையது வேறு வகை. பூவை அழகென்று பார்த்துக்கொண்டிருந்த கண், இப்போது எண்ணவும் கற்றுக்கொண்டது.

இனி 1772. பல்ஸ்ட்ரோடு மாளிகையில் ஒருநாள். அம்மையாரின் மேசைமேல் செந்நிற ஜெரேனியம் செடி ஒன்று இருந்தது. பக்கத்தில் சிவப்புத் தாள் ஒன்று. தாளின் நிறமும் இதழின் நிறமும் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டார். கத்தரிக்கோலை எடுத்து இதழ்களை வெட்டினார், இலைகளைப் பச்சைத் தாளில் வெட்டினார், ஒட்டினார். அறைக்குள் வந்த சீமாட்டி, "அந்த ஜெரேனியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாராம்; தாளிதழை உண்மை இதழ் என்றே நினைத்துவிட்டார். அக்குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லி வந்த செய்தி இது. மலர்களைப் போலச் செய்யப் புதுவழி ஒன்று கண்டுபிடித்திருப்பதாக அம்மையாரே அவ்வாண்டு தம் தங்கையின் மகளுக்கு எழுதினார்.

அன்றுமுதல் அவர் வேலை செய்த முறை இது. முதலில் வெள்ளைத் தாளைக் கறுப்பு மை பூசிப் பூசி, பளபளப்பில்லாத கருமையாக்கிக் கொள்வார். செடியை எதிரே நிறுத்துவார். பின்னால் கரும் தாளை வைப்பார், உருவம் தெளிவாகத் தெரிவதற்காக. பூவைப் பிரித்து உறுப்புகளின் அமைப்பைப் பார்த்துக்கொள்வார். அதன்பின் பென்சிலால் கோடு போடாமலே, கண் பார்க்கக் கை வெட்டும். சீனத்திலிருந்து கப்பலில் வந்த தாள்கள், சாயம் பரவி வீணாயின என்று காகித வியாபாரிகள் ஒதுக்கிய தாள்கள், தாமே சாயமேற்றிய தாள்கள் என்று எங்கிருந்தெல்லாமோ நிறம் சேர்த்தார். சாயம் ஒழுங்கின்றிப் பரவிய தாள் வியாபாரிக்குப் பழுது. அம்மையாருக்கோ அதுவே இதழ். ஏனெனில் எந்த இதழும் ஒரே சீரான நிறமாக இருப்பதில்லை. நிழல் விழும் இடத்தில் சற்றுக் கரிய தாள், ஒளிபடும் இடத்தில் வெளிறிய தாள் என்று ஓர் இலைக்கே பல துண்டுகள். ஆங்காங்கே நீர்வண்ணத்தால் ஒரு தொடுகை. சில படங்களில் செடியின் உண்மை இலையையே ஒட்டியிருக்கிறார்.

1777-ல் செய்த பாசிப்ளோரா மலர் ஒன்று இருக்கிறது. அதில் 230 இதழ்த் துண்டுகளுக்கு மேல் உண்டு. 230 துண்டு! நூல்போல் மெல்லியவை, ஒவ்வொன்றும் தனித்து வெட்டப்பட்டவை. வெட்டியவருக்கு வயது 77. பிசினும் தாளும் கையில் ஒட்டிக்கொள்ள, ஒரு தும்மல் வந்தால் அரைநாள் உழைப்புப் பறந்துவிடும் வேலை. வெண்மாக்னோலியாவின் மலரோ இதற்கு நேர்மாறு. பெரிய, தடித்த, பாலேடு போன்ற இதழ்கள். அங்கே துண்டுகள் குறைவு. வெள்ளைக்குள் எத்தனை வெள்ளை உண்டு என்பதுதான் கேள்வி. கிரைனம் ஜெய்லானிக்கம் என்று, இலங்கையின் பெயரைத் தன் அறிவியற் பெயரிலேயே தாங்கிய ஒரு லில்லியும் அத்தொகுதிகளில் உண்டு. ஒவ்வொரு படத்திலும் செடியின் பெயரும், லின்னேயஸ் முறைப்படி அதன் வகுப்பும் வரிசையும் குறிக்கப்பட்டன. தாளின் பின்புறத்தில், எங்கே, எந்த நாள் செய்தது, செடியைக் கொடுத்தவர் யார் என்று எழுதினார்.

மலர் காத்திருக்காது என்பதை நாம் மறக்கலாகாது. காலையில் பறித்தது மாலையில் வாடும். ஆகவே நாள்தோறும் வேலை; விருந்து வந்தாலும் வேலை. பத்தாண்டில் 985 என்றால், கோடை குளிர் நோய் பயணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், நான்கு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது பழைய வாத்தியாராகிய எனக்கே நாணமாக இருந்தது. இதைப் 'பொழுதுபோக்கு' என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சொல்லே எனக்கு உடன்பாடன்று. பொழுது தானே போகும். அதைப் போக்குவதற்கு ஆள் வைக்க வேண்டியதில்லை.

மூன்றாம் ஜார்ஜ் மன்னரும் அரசி சார்லட்டும் அப்படங்களைப் பார்த்து மகிழ்ந்தார்கள். கியூ தோட்டத்திலிருந்து அரிய செடிகளை அனுப்பச் செய்தார்கள். வெண்பட்டில் பொன்னிழை வேலை செய்த சிறு கருவிப்பை ஒன்றை அரசி 1781-ல் அம்மையாருக்கு அன்பளிப்பாகத் தந்தார். ஆனால் மன்னர் புகழ்ந்ததைவிட ஜோசப் பேங்க்ஸ் சொன்னதாகக் குறிக்கப்பட்டுள்ள ஒன்றையே நான் மேலாக மதிக்கிறேன். பிழை நேருமோ என்ற அச்சமின்றி ஒரு செடியின் தாவர இயல் விளக்கத்தை எழுதுவதற்கு, இந்த அம்மையாரின் படங்களையே நம்பலாம் என்பது அவர் கருத்து. காகிதம் வெட்டிய கிழவிக்கு விஞ்ஞானி கொடுத்த சான்றிதழ் அது.

இப்போது நான் சொல்வதாகக் கூறிய செய்திக்கு வருகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்புக்கு நான் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, கடைசிப் பாடவேளை, அட்டவணைப்படி கைத்தொழில். மூன்றாம் வரிசையில் ஒரு பெண் மடியில் எதையோ வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். நான் அருகே போய்க் கையை நீட்டினேன். தன் கணக்குக் கருவிப் பெட்டியின் மூடியைத் திறந்து கொடுத்தாள். உள்ளே காகிதப் பூக்கள் ஏழெட்டு. கல்யாணப் பத்திரிகைகளின் மஞ்சள் தாளில் வெட்டிய பூவரசம் பூக்கள். வகுப்பு சிரித்தது. "இதற்கா உன் அப்பா உன்னைப் பள்ளிக்கு அனுப்புகிறார்?" என்று கேட்டு, அவற்றைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். அவள் அழவில்லை. பெட்டியை மூடிக்கொண்டு கரும்பலகையைப் பார்த்தாள். அதன்பின் அவள் வகுப்பில் எதையும் வெட்டி நான் காணவில்லை. ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது என்று அன்று நான் நினைத்தேன்.

மறுவாரம் பள்ளி முற்றத்துப் பூவரசின் கீழ் நின்றுகொண்டிருந்தபோது ஒரு பூ என் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தேன். மஞ்சள் இதழ்களின் அடியில், உள்ளே, கருஞ்சிவப்பாக ஒரு கறை. கசக்கி எறிந்த அந்தக் காகிதப் பூக்களின் உள்ளேயும் வேறொரு பத்திரிகையின் கருஞ்சிவப்புத் தாளை வெட்டி ஒட்டியிருந்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அதுமட்டுமன்று. அவற்றுள் ஒன்று மஞ்சளாக இல்லாமல் செம்மை கலந்த நிறமாக இருந்தது. பூவரசம் பூ காலையில் மஞ்சளாக விரிந்து, வாடும்போது சிவக்கும். அந்தப் பெண் காலைப் பூவையும் மாலைப் பூவையும் வெட்டியிருந்தாள். அந்த மரத்தடியில் பதினோராண்டு இறைவணக்கக் கூட்டம் நடத்தியவன் நான். 'பூவின் பாகங்களை விளக்குக' என்று ஆண்டுதோறும் வினாத்தாள் எழுதியவனும் நானே. பூவரசம் பூவுக்குள் கறை இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஜெர்மனியில் பிரோபெல் 1837-ல் தொடங்கிய குழந்தைப் பள்ளியில் தாள் மடிப்பதும் பின்னுவதும் ஊசித் தையலும் கல்வியாகவே நடந்தன. காந்தியடிகள் அதே போல் நூறாண்டு கழித்து, 1937-ல் வார்தாவில் கூடிய மாநாட்டில், கைத்தொழிலை நடுவாக வைத்துக் கல்வி நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினார். பயிற்சிப் பள்ளியில் இவற்றையெல்லாம் நெட்டுருப் பண்ணி எழுதி, நல்ல மதிப்பெண் வாங்கியவன்தான் அந்தக் குப்பைக் கூடையருகே நின்றான். அந்தப் பெண்ணிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தலைமையாசிரியர் நாற்காலிக்குக் கால்கள் நான்கு உண்டு. ஆனால் அது இறங்கி நடப்பதில்லை. ஆண்டு முடிந்தது, அவர்கள் குடும்பம் ஊர் மாறிப் போயிற்று. டிலேனி அம்மையாரின் படத்தை என் மகள் பெரிதாக்கிக் காட்டியபோது, சீமைப் பூவின் இதழ் விளிம்பில் எனக்குத் தெரிந்தது அந்தக் கணக்குப் பெட்டியின் மூடிதான்.

அம்மையாரின் கண்ணொளி 1782-ல் மங்கியது. ஆயிரம் மலர் செய்துவிட வேண்டும் என்ற எண்ணம் நிறைவேறவில்லை. தம் கலைக்கு விடைகொடுத்து ஒரு சிறு பாடல் எழுதி, கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். 1785-ல் போர்ட்லந்துச் சீமாட்டி காலமானபோது மன்னர் அவருக்கு வின்ட்சரில் ஒரு வீடும், ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகையும் அளித்தார். 1788 ஏப்ரல் 15-ல், எண்பத்தெட்டாம் பிறந்தநாளுக்கு ஒரு மாதம் இருக்கையில், அவர் உயிர் நீத்தார். அத்தொகுதிகள் குடும்பத்தாரிடம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இருந்து, அவர் தங்கை வழிவந்த லானோவர் சீமாட்டியின் உயிற்கொடையாக 1897-ல் மியூசியத்தைச் சேர்ந்தன. அந்தக் கறுப்பு இன்னும் கறுப்பாகவே இருக்கிறது.

எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில், சனிக்கிழமை காலையில், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுகிறார்கள். பழைய பத்திரிகைகளும் கல்யாண அழைப்புகளும் கொண்டுவருவது அவர்கள் பொறுப்பு. முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள் என் பொறுப்பு. கறுப்புத் தாள் வாங்கக் காசு இல்லாதபோது கரியும் கஞ்சியும் கலந்து பூசிக்கொள்கிறோம். அது சற்று உதிர்கிறது. எல்லார் கையும் மூக்கும் கறுத்துவிடுகின்றன. சென்ற வாரம் ஒரு சிறுவன் ஊதாத் தாளில் தூதுவளைப் பூவை வெட்டிக்கொண்டிருந்தான். நடுவில் வைக்க மஞ்சள் தாளை எடுத்தவன், "ஐயா, உள்ளே மஞ்சளாக இருக்கிறதே, அது எத்தனை?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வேலியோரம் போனோம். கொடியின் முள் அவன் விரலிலும் குத்தியது, என் விரலிலும் குத்தியது. பூவைத் திருப்பிப் பிடித்து அவன் எண்ணினான். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நானும் எண்ணினேன். கேசரம் ஐந்து, சூல்தண்டு ஒன்று. அவன் ஓடிப்போய் ஐந்து துண்டு வெட்டினான்.